தூணில் கட்டிய ராஜபாளையம்



சென்ற இதழில் பிள்ளைகளின் பள்ளி மாற்றச் சான்றிதழைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த மடல்களோடு, அதற்குச் சிறிதும் தொடர்பில்லாத மடல் ஒன்றும் வந்து சேர்ந்தது. எழுதியவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மனைவியார். பிறந்து வளர்ந்தது குண்டளைப் பக்கத்து லயத்தில். "வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், கணவருக்குப் பாதி நாள் இரவு வேலை. துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்கிறார். ஜாதி நாய்களை மீட்டு வைத்திருக்கும் குழுவினர் ஏழு வயது நாய் ஒன்றைக் காசு வாங்காமலே தருவதாகச் சொல்கிறார்கள். என் மாமியாரோ, வளர்ந்த நாய் வேறு கையில் பழகாது, குட்டியாகத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறார். மாட்டுப்பட்டியில் உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கிழ நாய் இருக்கிறதாமே, உண்மையை எழுதுங்கள்" என்பது மடலின் சாரம்.

உண்மையை எழுதச் சொன்னதனால் எழுதுகிறோம். அந்த நாய் நம் வீட்டுக்கு வந்த வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் பகுதி மிகக் குறைவு.

நாம் ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா என்பது இப்பகுதியை வாசிப்போர் அறிந்ததே. ரயிலே இல்லாத மலையில் பிறந்தவர் ரயில்வேக்குப் போனது எப்படி என்று உடன் வேலை செய்வோர் பரிகசிப்பதுண்டு. மாட்டுப்பட்டிக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது என்பது நம் விடை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் எருதுகள் இழுக்கும் வண்டி ஓடிற்று. 1908-ல் அது இரண்டடிப் பாதையாகி நீராவி எஞ்சினும் வந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாதை, பாலம் அனைத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. அப்பாதையில் மாட்டுப்பட்டியும் ஒரு நிலையம். போகட்டும்; நாய்க்கு வருவோம்.

ரயிலில் நாயைக் கொண்டு செல்வதற்கு விதிகள் உண்டு. முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் தம் பெயரில் பெற்றவர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். அவ்வசதி இல்லாதவர் பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். எவ்வழியாயினும் வண்டி புறப்படுவதற்கு வெகு நேரம் முன்னதாகப் பார்சல் ஆபீசில் பதிவு செய்தாக வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்றிதழும் காட்ட வேண்டும். இவற்றை அறியாமல் வருவோர் மிகப் பலர். அவர்களைத் திருப்பி அனுப்புவது நம் அன்றாட வேலைகளுள் ஒன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் அப்படி ஒரு குடும்பம் வந்தது. கணவர், மனைவி, பத்து வயதிருக்கும் ஒரு பையன். வட நாட்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள். பையன் கையில் சங்கிலி. சங்கிலியின் முனையில் உயரமான வெள்ளை நாய் ஒன்று. வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம். சான்றிதழ் கேட்டோம், இல்லை என்றனர். இல்லையேல் ஏற்ற முடியாது என்றோம். அவர் கெஞ்சினார். நம் பின்னால் மீன் பெட்டிகள் எடை போடக் காத்திருந்தன. "விதி இதுதான், ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் சீட்டை வாங்கினோம்.

வண்டி போயிற்று. இரவு வேலை முடித்துக் கதவைப் பூட்ட வந்தபோது வெளித் தூணில் அந்த நாய் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர். பிரித்து வைத்த பிஸ்கட் பொட்டலம் தொடப்படாமல் கிடந்தது. அது குரைக்கவில்லை. பிளாட்பாரத்தை நோக்கியே நின்றது.

விதியை நாம் மீறவில்லை என்பது மெய். ஆனால் நகரத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி செய்திருக்கலாம். மறுநாள் வண்டியில் நாயை ஏற்றி அனுப்ப வழி உண்டா என்று பார்த்திருக்கலாம். அதற்குப் பத்து நிமிடம் பிடித்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை நாம் மீன் பெட்டிகளுக்குக் கொடுத்தோம். போர்ட்டர் ஒருவர் தமக்குத் தெரிந்த மீட்புக் குழுவினருக்குச் சொல்லியனுப்ப, அவர்கள் வேனில் வந்து நாயை ஏற்றிக்கொண்டனர். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். "ஒப்படைத்தவர்" என்ற இடத்தில் நம் பெயரை எழுதினோம். "உரிமையாளர்" என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினோம். முகம் நன்றாக நினைவிருந்தது.

மூன்று மாதம் சென்றது. நம் தாயார் கண் மருத்துவத்துக்காகக் கோவைக்கு வந்திருந்தார். மாட்டுப்பட்டியில் இன்றும் கொழுந்து பறிக்கிறவர் அவர். தகப்பனார் தோட்டத்துக் காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலிருக்கிறார். பேச்சு வாக்கில் தாயாரிடம் அந்த நாயைப் பற்றிச் சொல்லி, மனிதர் இப்படியுமா இருப்பர் என்று அங்கலாய்த்தோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கட்டிப் போட்டுட்டுப் போன ஆளைத் திட்டுறியே தம்பி, ஏத்த முடியாதுன்னு சொன்னது யாரு?" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. மறுநாள் இருவரும் அந்தக் காப்பகத்துக்குப் போனோம்.

அங்கே கண்டதை நம் அன்பர்கள் அறிந்திருப்பது நல்லது. ஜாதி நாய் என்றால் பணக்காரர் வீட்டில் சொகுசாக வளரும் பிராணி என்றே நாம் எண்ணியிருந்தோம். அங்கே லாப்ரடார் இருந்தது, ஜெர்மன் ஷெப்பர்டு இருந்தது. பனி நாட்டுக்குரிய அடர்ந்த மயிருள்ள ஹஸ்கி ஒன்று சிமெண்டுத் தரையில் வயிறு படிய மூச்சிரைத்துக் கிடந்தது. வீடு மாறினார்கள், வெளிநாடு போனார்கள், குழந்தை பிறந்தது, நாய்க்கு நோய் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். குட்டியாயின் ஒரு வாரத்தில் எவரேனும் எடுத்துப் போய்விடுவர் என்றும், ஐந்து வயதைத் தாண்டியவற்றைப் பார்த்துவிட்டு "பாவம்" என்று சொல்லிப் போய்விடுவர் என்றும் அங்கிருந்த பெண்மணி கூறினார். பிராணிகளைப் பட்டினியிலும் தாகத்திலும் தவிக்க விட்டுச் செல்வது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதற் குற்றத்துக்கு அச்சட்டத்தில் எழுதிய அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. நம் கவுண்ட்டரில் ஒரு சிறு மூட்டையை அனுப்புவதற்கே அதைவிட அதிகம் ஆகும்.

நம் வெள்ளை நாய் ராஜபாளையம் இனம். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனத்தைப் பற்றித் தமிழர் பெருமையாகப் பேசுவர். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அவற்றுள் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றோடு இதன் பெயரையும் சொன்னார். பெருமை இருக்கட்டும். தூய வெள்ளை மயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று மக்கள் கேட்பதனால் அத்தகைய குட்டிகளையே தேர்ந்து பெருக்கினர். அவ்வெண்மையோடு செவிட்டுத் தன்மையும் கூட வருவதுண்டு. உட்செவிக்கு வேண்டிய நிறமி அணுக்கள் இல்லாமையால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது என்பர். சில குட்டிகளுக்கு இரு காதும் போகும். சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் போகும். சைதாப்பேட்டையில் நாட்டு இனங்களைப் பெருக்குவதற்கென அரசே ஒரு நிலையம் நடத்தி வந்தது. அங்கே நாய்கள் இருந்த நிலையைக் கண்டு அதை மூடும்படி 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். இனத்தின் பெயரைச் சொல்லி மகிழ்வது ஒன்று, அவ்வினத்து நாய் ஒன்றுக்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பது வேறொன்று.

மருத்துவர் அதைப் பார்த்து எட்டு வயதிருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார். இடக் காது கேளாது. கண்ணில் நீலம் பூத்திருந்தது; கண்புரையோ என்று அஞ்சினோம். வயதான நாய்க்குக் கண்மணி இவ்வாறு மங்குவது இயல்பு, பார்வை போகாது, புரை என்பது வேறு என்று விளக்கினர். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து முடித்திருந்தார்கள். பின்னங்கால் எழும்போது விறைக்கும்.

நாம் நாயைக் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனோம். அவர்களோ நம்மைத்தான் விசாரணை செய்தார்கள். சொந்த வீடா? இல்லை, தோட்டத்து லயம். பகலில் யார் இருப்பார்? தகப்பனார். இரவில் எங்கே கட்டுவீர்கள்? கட்டுவதில்லை, அடுக்களையில் படுக்கும் என்றார் தாயார். புலி உண்டா என்று கேட்டார்கள். சிறுத்தை உண்டு என்று உள்ளதைச் சொன்னோம். லயத்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. அங்கேதான் அவர்கள் தயங்கினார்கள். அந்தி சாய்ந்தபின் நாய் வெளியே நிற்காது என்று தாயார் வாக்குக் கொடுத்தார். யானை வந்தால் இது குரைத்துக் கொண்டு போய், யானையை வீட்டு வாசலுக்கே இழுத்து வருமே என்ற கவலை நம் மனத்தில் இருந்தது. படையப்பா என்று பெயர் பெற்ற கொம்பனை இப்பக்கத்தார் அனைவரும் அறிவர். அதை நாம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, வீட்டையும் வாசலையும் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிய பிறகே இசைந்தார்கள். "எக்காரணத்தால் வைத்துக்கொள்ள இயலாவிடினும் நாயை எங்களிடமே திருப்பித் தர வேண்டும், பிறருக்குக் கொடுக்கவோ விட்டுவிடவோ கூடாது" என்று தாளில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டோம்.

உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக வாடகை வண்டியில் கொண்டு வந்தோம். வழியில் இருமுறை வாந்தி எடுத்தது. மாட்டுப்பட்டியில் இறங்கியபோது தை மாதத்துக் குளிர். ராஜபாளையத்துக்கோ மயிர் குட்டை. வெயில் நாட்டு நாய். தாயார் தம் பழைய கம்பளியை இரண்டாக மடித்துத் தைத்து முதுகில் கட்டினார். ஊரார் வந்து வேடிக்கை பார்த்தனர். மாட்டுப்பட்டி என்றால் 1963-ல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணையும் அதன் ஜாதிக் காளைகளும்தான் ஊருக்குப் புகழ். ஜாதி நாய், அதுவும் கிழ நாய், கம்பளி போர்த்துக்கொண்டு வந்து இறங்கியது அதுவே முதல் முறை.

முதல் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. சாலையைப் பார்த்தே படுத்திருந்தது. ஐந்தாம் நாள் அது உறங்கும்போது தகப்பனார் இடப்புறமாகப் போய்த் தலையைத் தடவ, திடுக்கிட்டு எழுந்து கையைக் கவ்விவிட்டது. பல் பதிந்து இரத்தம் வந்தது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டோம். நாய்க்கு ஊசி போட்டிருந்தது. ஆயினும் அதை நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. லயத்தில் பலரும் திருப்பிக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். நமக்கும் அதே எண்ணம். கோவைக்குத் தொலைபேசி செய்ய எண்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

தகப்பனார் தடுத்தார். அவர் முப்பது ஆண்டு இரவுக் காவல் செய்தவர். தூக்கத்தில் தோளைத் தொட்டால் தாமும் கையை ஓங்கியிருப்பார் என்றார். அன்று முதல் நாயின் அருகே போகுமுன் தரையில் காலை இருமுறை ஓங்கித் தட்டுவார். பலகைத் தரையாதலால் அதிர்ச்சி அதற்குத் தெரியும். தலை நிமிர்ந்து பார்க்கும். பிறகே அருகில் போவார். ஒரு காது கேளாத நாய்க்கு ஒலி வரும் திசை புலப்படாது என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நம்மைத் தேடும். அதைக் கீழ்ப்படியாமை என்று நினைத்துப் பல நாள் கடிந்திருக்கிறோம்.

இனி மாமியாரின் ஐயத்துக்கு வருவோம். வளர்ந்த நாய் வேறு கையில் பழகுமா? இதற்கு நம் வீட்டு நாயைவிடப் பெரிய சாட்சி நம் மலையிலேயே உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது உயிர்கள் போயின. அதில் உறவினரை இழக்காத குடும்பம் இச் சங்கத்தில் குறைவு. ஆகவே அதை விரித்து எழுதோம். குவி என்ற நாயை எல்லோரும் அறிவர். அது எந்த ஜாதியும் அல்லாத லயத்து நாய். தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி அலைந்தது. எட்டாம் நாள் ஆற்றோரத்தில் ஓரிடத்தை விட்டு அகலாமல் நீரையே பார்த்து நிற்க, தேடியவர்கள் அங்கே இறங்கிக் குழந்தையின் உடலைக் கண்டெடுத்தனர். அதன்பின் குவி உண்ண மறுத்துச் சோர்ந்து கிடந்தது. இடுக்கிக் காவல் துறை நாய்ப் படையின் பயிற்சியாளர் ஒருவர் அதனருகே உட்கார்ந்து பழக்கி, அரசின் இசைவு பெற்றுத் தம்மோடு அழைத்துச் சென்றார். புதுக் கையில் அது உண்டது, தேறியது. சில மாதங்களுக்குப் பின், உயிர் தப்பிய பாட்டி தம் குடும்பத்தில் எஞ்சியது அந்நாயே என்று கேட்க, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டியை அது மறந்திருக்கவில்லை.

புதியவரிடம் பழகுவதற்காகப் பழையவரை நாய் மறப்பதில்லை என்பதே இதில் நாம் கண்டது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும். பழையதை மறந்தால்தான் நம்முடையது ஆகும் என்று நாம்தான் நினைக்கிறோம். சங்கரன்கோவிலிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் வந்து நான்கு தலைமுறையாய் இங்கே தேயிலை பறிக்கும் நமக்கு இதைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேறொரு வகைக் கிழ நாய்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேரளக் காவல் துறையில் பணி முடித்த நாய்களுக்காகத் திருச்சூர் இராமவர்மபுரத்துக் காவலர் பயிற்சிக் கழகத்தில் 2019-ல் விச்ராந்தி என்ற ஓய்வில்லம் திறந்தனர். நம் ரயில்வே பாதுகாப்புப் படையிலும் மோப்ப நாய்கள் உண்டு. அவற்றுக்கும் வயதாகும், பணி முடியும். மோப்பத்துக்கு உதவாத மூக்கு வீட்டுக்கு உதவும். அத்தகைய நாய் கிடைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒழுங்கில் அது நம்மில் பலரை மிஞ்சும்.

மீட்புக் குழுவினர் ஒரு கணக்குச் சொல்வர்: அச்சம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், நம்முடையது ஆக மூன்று மாதம். நம் வீட்டில் முதல் கணக்கு பொய்த்தது, மூன்றாவது ஏறக்குறையப் பலித்தது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் தாயார் கொழுந்துப் பையோடு வளைவில் திரும்பும்போது நாய் எழுந்து வாலை ஆட்டிற்றாம். அதைச் சொல்வதற்கென்றே தொலைபேசியில் அழைத்தார். வெள்ளை என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்.

வைகாசி மாதத்தில் நம் ஆபீசுக்கு ஒரு தொலைபேசி வந்தது. எடுத்தவர் நம்மிடம் கொடுத்தார். எதிர்முனையில் அந்த மனிதர். ஏழு மாதமாக எத்தனையோ முறை அழைத்து, ரிங் போவதற்குள் வைத்துவிட்டாராம். "ஐயா, தூண்ல கட்டிட்டுப் போன நாய் என்ன ஆச்சு?" என்றார். நாவில் வந்த சொற்கள் அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல. ஆனால் அந்த மாலையில் நாம் கேட்ட சான்றிதழும் உடனே நினைவுக்கு வந்தது. உயிரோடு இருக்கிறது, நம் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். அவரால் சற்று நேரம் பேச முடியவில்லை. அடுத்த நாள் வேலையில் சேரவேண்டிய உத்தரவு, பையனின் பள்ளி, வாங்கிய டிக்கட் என்று பின்னர் ஏதேதோ சொன்னார். அவற்றை நாம் ஏற்றுக்கொண்டோம் என்று எழுத மாட்டோம். அந்தப் பிஸ்கட் பொட்டலத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. திருப்பிக் கேட்பாரோ என்று அஞ்சினோம், கேட்கவில்லை. ஒரு படம் அனுப்பினால் பையனிடம் காட்டலாம் என்றார். பிறகு, "அவன் பேர் சேதுங்க. வலப் பக்கமா நின்னு கூப்பிடணும்" என்றார்.

அன்று மாலை அதைத் தாயாருக்குச் சொன்னோம். அவர் தொலைபேசியைக் கீழே வைக்காமலே நாயின் வலப்புறம் போய் நின்று, "சேது" என்று அழைத்தார். விறைத்த பின்னங்காலோடு அது ஒரே மூச்சில் எழுந்து நின்றதாம். அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அவருக்குப் பின்னால் யாரேனும் வந்திருக்கிறார்களா என்று சாலையைப் பார்த்தது. மீண்டும் அவரைப் பார்த்தது. தாயார் அழுதது தொலைபேசியில் கேட்டது. வெள்ளை என்ற பெயர் அன்றோடு போயிற்று. படத்தை அனுப்பினோம்.

திருப்பூர்ச் சகோதரியார்க்கு நேராகச் சில சொற்கள். நாயைப் பார்க்கப் போகும்போது மாமியாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவரும் சோறு வைக்கப் போகிறவரும் அவரே. நாய் ஒட்டிக்கொள்ளப் போவதும் அவரிடமே. குழந்தைகளுக்கு முன்னால் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரே நாளில் அறிய முடியாது. இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். உறங்கும் நாயையும் உண்ணும் நாயையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே பழக்குங்கள். இரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வயதான நாய் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்; வாய் நாறினால் பல்லைக் காட்ட வேண்டும்; ஈறு வெளுத்துச் சோறு இறங்காவிட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வெறிநோய் ஊசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். இலவசமாகத் தருகிறார்கள் என்பது மெய்யே. ஆனால் கிழ நாய்க்கு மருந்துச் செலவு உண்டு. நம் வீட்டில் மூட்டு வலி மாத்திரைக்கு மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறோம். மனிதருக்கு வாங்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். நாய்க்கு அது நஞ்சாகலாம்.

காவலுக்கு என்று எழுதியிருந்தீர்கள். காவலுக்காக மட்டும் என்றால் நாய் வேண்டாம், நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். சேது இதுவரை நம் வீட்டில் ஒரு கள்வனையும் பிடிக்கவில்லை. யானை வந்த இரவுகளில் அது குரைக்கவே இல்லை. கேட்காத காதைத் தலைக்கு மேலே வைத்து உறங்கியிருக்கும் போலும். நம் கவலை வீணாயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தால் நிறைவாழ்வு. சேதுவுக்கு இப்போது பத்து நடக்கிறது. அடுத்த ஆண்டு தாயாருக்கும் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நாம் சிறு பையனாயிருந்தபோது அடுத்த வீட்டார் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போனார்கள். அவர்கள் நாய் அணைக்கட்டுத் திருப்பம் வரையில் லாரியின் பின்னால் ஓடிற்று. திரும்பி வந்து காலி வீட்டுத் திண்ணையில் எத்தனையோ நாள் படுத்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வீடு காலியாகும் மாதங்களில் இன்றும் லயங்களில் இது நடக்கிறது. நாயை இட்டுச் செல்ல இடமில்லை என்பவர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். மனிதர்க்கே அங்கே இடம் இருக்கிறதா என்று தெரியாமல் போகிறவர்கள் அவர்கள். ஆயினும் போவதற்கு ஒரு மாதம் முன்னதாக நம் சங்கத்துக்குச் சொன்னால், எடுத்து வளர்க்க ஆள் தேடலாம். சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னோம், செயலாளர் குறித்துக்கொண்டார்.

நம் குவார்ட்டர்ஸ் சிறிது. பெற்றோருக்காகப் போத்தனூர்ப் பக்கம் முன்வாசல் உள்ள வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். தாயார் கொண்டு வரவேண்டிய சாமான்களின் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். முதலில் சேது, அடுத்து அதன் கம்பளி, பிறகு அம்மி, பீரோ, தகப்பனாரின் டார்ச் விளக்கு. மருத்துவச் சான்றிதழ் வாங்கி வைப்பது நம் பொறுப்பு என்று அடிக்கோடிட்டிருக்கிறார்.